ஓணானுக்குப் பத்தியம்

பாளையங்கோட்டை
கார்த்திகை 19

அன்புள்ள சுடலைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் சொன்னால் சிரிப்பாய். ஒரு ஓணானுக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தேன். விளையாட்டில்லை வே, நிஜமாகவே.

முதலில் உன் விஷயம். தங்கச்சிக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் உன் மதினி கற்பூரம் ஏற்றினாள். "நாக்கு செத்துப்போச்சுங்கா, எதை வச்சாலும் ஒதுக்குதா" என்று எழுதியிருந்தாய். ஐந்தாம் வகுப்பில் டைபாய்டு வந்து எழுந்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. அம்மா எதையும் வாயில் திணிக்கவில்லை. குருணைக் கஞ்சியை ஆற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் நாரத்தங்காய் ஊறுகாயை நக்குகிற அளவு மட்டும் வைப்பாள். அவள் பாட்டுக்கு உளுந்து உடைத்துக்கொண்டிருப்பாள், என் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டாள். மூன்றாம் நாள் நானே கிண்ணத்தை வழித்தேன். பம்பாயில் நாரத்தங்காய் கிடைக்காவிட்டால் சொல். இங்கே இந்த வருஷம் போட்டது ஒரு ஜாடி இருக்கிறது.

இனி ஓணான் கதை. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டானாம் என்பார்களே, நான் அந்த ஆளாகிவிட்டேன். இது வேலியில் போனதுகூட இல்லை. பேரன் கதிருக்காகப் பெங்களூரில் ஒரு கடையில் காசு கொடுத்து வாங்கியது. பெயர் பியர்டட் டிராகன். பிறப்பிடம் ஆஸ்திரேலியா. அந்த நாட்டுக்காரர்கள் தங்கள் காட்டு உயிர்களை விற்பனைக்கு வெளியே விடுவதில்லை. உலகம் முழுக்க வீடுகளில் இருப்பவையெல்லாம் எப்போதோ வெளியேறியவற்றின் வாரிசுகள், பெட்டிக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவை. ஆஸ்திரேலியாவையே பார்க்காத ஆஸ்திரேலியாக்காரன் என்று வைத்துக்கொள். தொண்டைக்குக் கீழே முள்முள்ளாக ஒரு பை. கோபம் வந்தால் அதை உப்பிக் கறுப்பாக்கும். அதுதான் தாடி. கதிர் வைத்த பெயர் ரெக்ஸ். உன் மதினி இன்றுவரை கரட்டாண்டி என்றுதான் கூப்பிடுகிறாள்.

மகன் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றாகிவிட்டதால் ஆனியில் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டான். ஓணானும் கூடவே வந்தது என்று நினைக்காதே. பெங்களூரில் முதலில் வைத்திருந்தது ஒரு கிழம். அது பங்குனியிலேயே போய்விட்டது என்று அழுதுகொண்டிருந்த பயலுக்குப் புரட்டாசியில் அப்பன் அதே கடையிலிருந்து ஒரு குஞ்சை வாங்கிக் கொடுத்தான். வயது மூன்று மாதம், நீளம் ஒரு சாண், எடை 46 கிராம். கடையில் ஒரே தொட்டியில் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டிருந்தார்களாம். அங்கேயே வியாதி ஏறியிருக்கும் என்று இப்போது தெரிகிறது.

ஐப்பசி அடைமழை உனக்குத் தெரியும். குறுக்குத்துறை முருகனை ஆறு சுற்றிக்கொண்டது. இங்கே ஒரு நாளைக்கு நாலு தடவை கரண்ட் போயிற்று. ஓணான் முதலில் மந்தமானது. கண்ணை மூடிக்கொண்டே கிடந்தது. பிறகு தண்ணியாகக் கழிந்தது. அந்த நாற்றத்தை எழுத முடியாது. அப்புறம் சாப்பாட்டையே நிறுத்திவிட்டது. புழுவை முன்னால் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பத்து நாளில் 37 கிராம். வாலின் அடிப்பாகத்தில் எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். சாணத்தை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு காக்சிடியா என்றார். "கோழிக்கு ரத்தக் கழிச்சல் வருதுல்லா, அந்தச் சாதிக் கிருமிதான் சார், இதுக்குன்னு தனி ரகம்" என்றார். மருந்தும் கோழிப்பண்ணையில் ஓடுகிற மருந்துதானாம். ஆனால் 37 கிராம் உடம்புக்கு அது துளியின் பங்குதான், எடை பார்க்காமல் கொடுக்கவே கூடாது என்றார்.

ஆனால் அவர் முதலில் கேட்டது மருந்தையோ சாப்பாட்டையோ பற்றி இல்லை. "பொட்டிக்குள்ள சூடு எத்தனை டிகிரி?" வீட்டில் பெட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற மீட்டரில் பார்த்திருந்ததை வைத்து 36 என்றேன் பெருமையாக. அது கண்ணாடியின் சூடு சார், இது படுக்கிற கல்லின் சூட்டைச் சொல்லுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து கம்பி வைத்த மீட்டரால் கல்லை அளந்தால் 31தான் இருந்தது. குஞ்சுக்கு வெயில் காய்கிற இடம் 40 டிகிரி வேண்டும். மறுகோடி 27 போல இருக்கவேண்டும். சூடு போதவில்லை என்றால் தின்றது செரிக்காது, உள்ளேயே கிடந்து அழுகும். செரிக்காதவன் எப்படி வாயைத் திறப்பான்? இன்னொரு கூத்தும் கேள். பல்லி விழுந்துவிடக் கூடாதே என்று நான்தான் பெட்டிக்கு மேலே ஒரு கண்ணாடித் தகட்டைப் போட்டு, அதன் மேல் யு.வி.பி. விளக்கை, அதாவது வெயிலுக்குப் பதிலாகப் புற ஊதாக் கதிர் தருகிற விளக்கை, வைத்திருந்தேன். அந்தப் புற ஊதாக் கதிர் கண்ணாடியைத் தாண்டாதாம். ஒன்றரை மாதம் விளக்கு கண்ணாடிக்குத்தான் வைத்தியம் பார்த்திருக்கிறது.

தகட்டை எடுத்துவிட்டுக் கம்பி வலை போட்டேன். விளக்கை மாற்றினேன். மணலை அள்ளிக் கொட்டிவிட்டு வெறும் செய்தித்தாள் விரித்தேன். கழிந்ததும் தாளை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதே கிருமி திரும்ப வாய்க்குள் போகும். பினாயிலுக்கெல்லாம் அது மசியாது. கொதிக்கிற தண்ணீரில்தான் கிண்ணம், கல் எல்லாம் குளிக்கின்றன. கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைக்கிறேன். நம்ம வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குக்கூட இவ்வளவு பண்டுவம் பார்த்ததில்லை என்கிறாள் உன் மதினி.

முதல் மூன்று நாள் உணவே வேண்டாம், சூடும் தண்ணீரும் மட்டும் என்பது டாக்டர் உத்தரவு. வற்றிப்போன உடம்பில் சாப்பாட்டைப் போட்டால் தாங்காதாம். காலையில் பிளாஸ்டிக் பேசினில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் விட்டு, அதன் முழங்கை நனைகிற அளவுக்கு, பத்து நிமிஷம் உட்கார வைப்பேன். இரண்டாம் நாள் தலையைச் சாய்த்துத் தண்ணீரில் மூக்கை நனைத்து அது உறிஞ்சியபோது தொண்டை துடித்தது பார், எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

நாலாம் நாள்தான் நான் தப்புப் பண்ணினேன். மஞ்சள் பூசணியை வேகவைத்துக் கூழாக மசித்து, கால்சியம் பொடி சேர்த்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக்கொண்டு, ஒரு பழைய ஏ.டி.எம். கார்டின் முனையால் வாயை நெம்பப் பார்த்தேன். தாடி கரியாகக் கறுத்தது. கூழ் உள்ளே போனதைவிட மூக்கு வழியாக வெளியே வந்ததுதான் அதிகம். முட்டைகூட ஏறாத வீடு, ஓணான் இருக்கிற அறைப் பக்கமே வராதவள், உன் மதினி ஓடிவந்து சிரிஞ்சைப் பிடுங்கினாள். "புரையேறிச் சாவட்டும்னு நினைச்சேளா? சங்குல பால் புகட்டினது யாரு, நீங்களா நானா?"

அப்புறம் அவள் கைதான். துணியில் சுற்றி உள்ளங்கையில் வைத்துக்கொள்வாள். மேலிருந்து கை கொண்டுபோக மாட்டாள். அதன் உச்சந்தலையில் வெளிர் நிறத்தில் ஒரு செதில் இருக்கிறது. அது மூன்றாவது கண்ணாம். வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும், மேலே நிழல் விழுந்தால் பருந்து என்று பயந்துவிடும். இதைச் சொன்னதும் "நெற்றிக்கண் உள்ளவனா, அதானே பார்த்தேன்" என்றாள், அன்றிலிருந்து கொஞ்சம் மரியாதைகூட. பக்கவாட்டில் வந்து மூக்கு நுனியில் ஒரு சொட்டு வைப்பாள். காத்திருப்பாள். எரிச்சலில் அது நாக்கை நீட்டி நக்கும். அடுத்த சொட்டு. அரை மில்லி உள்ளே போக இருபது நிமிஷம் ஆகும். நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழல் வாய் இருப்பதால் பீய்ச்சினால் நேரே நுரையீரல்தான் என்று டாக்டர் பின்னால் விளக்கினார். அவள் அதைக் கேட்காமலே தெரிந்துவைத்திருந்தாள்.

ஆனால் தானாகத் தின்ன வேண்டுமே. கூரியரில் சில்வண்டு வரவழைத்தோம். இரண்டு கண்ணுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைவிடப் பெரிய பூச்சி கொடுக்கக் கூடாது என்று ஒரு கணக்கு இருக்கிறது. கதிர் ஸ்கேல் வைத்துத் தேர்ந்தெடுப்பான். இது சீண்டவில்லை. ராத்திரி பெட்டிக்குள்ளேயே விட்டுவைத்த ஒரு சில்வண்டு, தூங்குகிறவனின் வால் நுனியைக் கடித்துப் புண்ணாக்கிவிட்டது. இரையே வேட்டைக்காரனைத் தின்ற கதை. இனி சாயங்காலம் மிச்சத்தை எண்ணி எடுத்துவிடுகிறோம். வயலில் தத்துக்கிளி பிடிக்கலாம் என்றால், அத்தனை வயலிலும் மருந்தடிக்கிறார்கள், கூடாது. கடையம் பக்கம் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிற ஒருத்தரைப் பிடித்துப் பத்துச் சின்னப் புழு வாங்கி வந்தேன், பஸ்ஸில், மடியில் டப்பாவோடு. மெத்தென்று நீர்ச்சத்துள்ள புழு, சீக்காளிக்கு ஏற்றது. ஒன்றை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தது. அவ்வளவுதான்.

கார்த்திகை பிறந்து ஆறாம் நாள் சாயங்காலம் மழை விட்டது. தாழ்வாரத்து டியூப் லைட்டில் ஈசல். நீயும் நானும் குண்டாவில் தண்ணீர் வைத்துப் பிடித்து, பொரிகடலையோடு வறுத்துத் தின்ற அதே ஈசல். விளக்கணைக்கிற நேரம், பெட்டி வலையைத் திறந்து வைத்திருந்தேன். ஒன்று உள்ளே விழுந்தது. இறகை உதிர்த்துவிட்டுச் செய்தித்தாள் மேல் தவழ்ந்தது. ஓணான் ஒரு கண்ணைத் திறந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தது. பத்து நாளாக அந்தச் சாய்ப்பை நான் பார்க்கவில்லை. முன்னங்காலை ஊன்றி உடம்பைக் கொஞ்சம் தூக்கியது. நாக்கு நுனி வெளியே தெரிந்தது. 'சடக்'. ஒரு இறகு மட்டும் உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் கத்திய கத்தலில் மகன் மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தான்.

மூன்று தின்றது. டாக்டரிடம் சொன்னபோது வெளிப்பூச்சி கொடுத்ததற்கு லேசாகக் கடிந்துகொண்டார், பிறகு சிரித்துவிட்டார். ஆஸ்திரேலியக் காட்டில் இதன் சொந்தக்காரர்களும் மழைக்குப் பின் கிளம்புகிற ஈசலைத்தான் வயிறு முட்டத் தின்னுமாம். அந்தக் காட்டையே பார்க்காத குஞ்சுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தது?

மறுநாள் பட்டுப்புழு இரண்டு. அடுத்த நாள் மூன்று. ஆசையில் அள்ளிப் போடாதீர்கள், மெல்ல ஏற்றுங்கள் என்றிருக்கிறார். இரண்டாவது சாணப் பரிசோதனையில் கிருமி குறைந்திருக்கிறது, போகவில்லை. மறுபடி ஒரு சுற்று மருந்து. மருந்து கொடுத்த நாளில் வாயை மூடிக்கொள்ளும், அன்றைக்குப் பூசணிச் சொட்டுதான். காலையில் வெயில் வந்தால் எட்டரைக்கு மொட்டை மாடியில் பனையோலைக் கொட்டானில் பாதி நிழலோடு வைக்கிறேன். கண்ணாடிப் பெட்டியோடு வெயிலில் வைத்தால் நிமிஷத்தில் வெந்துவிடும். நேற்று கொட்டானின் விளிம்பில் காக்கை வந்து உட்கார்ந்தது. ஓணான் ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாக வட்டமாக ஆட்டியது பார்! கதிர் டாட்டா காட்டுது என்பான். "நான் சின்னவன், என்னை விட்டுரு" என்று பணிகிற சைகையாம் அது. காக்கையை நான்தான் விரட்டினேன். இன்றைய எடை 41 கிராம்.

உனக்கு ஒரு வேலை. தைக்கு வரும்போது பம்பாயில் நல்ல யு.வி.பி. டியூப் ஒன்று வாங்கி வா, ஊர்வனவற்றுக்கு என்று போட்டது. இங்கே கிடைத்தது நம்பிக்கையாக இல்லை. வெளிச்சம் எரிந்துகொண்டேயிருக்கும், அந்தப் புற ஊதாக் கதிர் மட்டும் ஒரு வருஷத்துக்குள் செத்துவிடுமாம். துணிக்கு நடுவில் சுருட்டி வை, உடைத்துவிடாதே. தங்கச்சிக்கு ஊறுகாய் தனிப் பார்சலில் வருகிறது.

இன்னொன்று. பனங்காட்டு விளையில் நாம் ஈர்க்குச் சுருக்கு வைத்து ஓணான் பிடித்ததும், ராமருக்குத் தாகத்துக்கு மூத்திரம் கொடுத்த பாவி என்று சொல்லி உன் தாத்தா மூக்குப்பொடியை அதன் வாயில் போட்டு அது சுழன்று ஆடியதை உட்கார்ந்து பார்த்ததும் கதிருக்குத் தெரியாது. நேற்று, "தாத்தா, நீங்க சின்ன வயசுல ஓணான் வளர்த்திருக்கீங்களா, இவ்வளவு நல்லா பார்த்துக்குறீங்களே?" என்று கேட்டான். ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். வந்த இடத்தில் நீ எதையாவது உளறி வைக்காதே.

உன்
சங்கரன்