கெர்ட்டாவுக்கும் பாடத்திட்டத்தில் ஓர் இடம் வேண்டும்

இளங்கலை ஆங்கில இலக்கியப் பாடத்திட்டக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பெண்ணெழுத்து குறித்த தாளில் அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் பெயரில் நெடுங்காலமாக ஒரே கதைதான் இருந்து வருகிறது. 1892இல் வெளியான 'தி யெல்லோ வால்பேப்பர்' அது. இருக்க வேண்டிய கதை. அதை எடுத்துவிடும்படி நான் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கதையின் நாயகிக்குத் துணை என்று யாருமில்லை. எழுதுவதற்குக்கூட அனுமதி மறுக்கப்பட்டு, சுவரில் ஒட்டிய தாளின் கோலங்களுக்குப் பின்னால் ஒரு பெண் அடைபட்டுக் கிடப்பதாக அவள் காண்கிறாளே தவிர, அவளுக்காக ஒரு வார்த்தை பேச அந்த வீட்டில் உயிருள்ள பெண் ஒருத்தியும் இல்லை. வீட்டைக் கவனித்துக்கொள்ளும் நாத்தனாரும் கணவனின் பக்கமே நிற்கிறாள். பெண்ணுக்குப் பெண் துணை நிற்பது என்பதை ஆரம்பகாலப் பெண்ணியச் சிறுகதை எப்படிக் கையாண்டது என்று மாணவர்கள் கேட்டால், இப்போதுள்ள பாடத்திட்டத்தில் அதற்குப் பதிலே கிடையாது. அதனால்தான் கில்மன் 1911இல் எழுதிய 'டர்ன்ட்' என்ற கதையையும், அதனோடு இன்னோர் அமெரிக்க எழுத்தாளரான சூசன் கிளாஸ்பெல் 1917இல் வெளியிட்ட 'எ ஜூரி ஆஃப் ஹெர் பியர்ஸ்' என்ற கதையையும் சேர்க்கக் கோரி இதை எழுதுகிறேன்.

'டர்ன்ட்' வெளியானது 'தி ஃபோர்ரன்னர்' என்ற மாத இதழில். 1909 நவம்பர் முதல் 1916 டிசம்பர் வரை கில்மன் தானே ஆசிரியராகவும் பதிப்பாளராகவும் இருந்து, கதை, கட்டுரை, கவிதை, தொடர்கதை என ஏறக்குறைய எல்லாப் பக்கங்களையும் தானே எழுதி நடத்திய இதழ் அது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. கதையின் முடிவை மாற்றச் சொல்லவோ, கணவனை மன்னித்துவிடும்படி கெஞ்சவோ அவருக்கு மேலே ஒரு பத்திரிகை முதலாளி இல்லை.

கதை இரண்டு அறைகளில் தொடங்குகிறது. கம்பளம் விரித்த அறையில், அகன்ற மெத்தையில் கிடந்து திருமதி மாரோனர் அழுகிறார். மாடியில், கம்பளமில்லாத அறையில், குறுகிய கட்டிலில் கிடந்து வேலைக்காரப் பெண் கெர்ட்டா பீட்டர்சன் அழுகிறாள். ஏறத்தாழ ஒரே வாக்கியத்தை இரண்டு முறை எழுதி, அறைச் சாமான்களை மட்டும் மாற்றி வைக்கிறார் கில்மன். இருவரும் ஒரே ஆணால் அழுகிறார்கள் என்பது பிறகுதான் தெரிகிறது. தொழில் நிமித்தம் வெளிநாடு போயிருக்கும் கணவன், மனைவிக்கு ஒரு கடிதமும் கெர்ட்டாவுக்கு ஒரு கடிதமும் எழுதி, உறை மாற்றிப் போட்டுவிடுகிறான். மனைவி பிரித்த உறைக்குள் தட்டச்சு செய்த, கையெழுத்தில்லாத கடிதம் இருக்கிறது. பயப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற ஆறுதலும், கூடவே ஐம்பது டாலர் நோட்டு ஒன்றும்.

இந்த இடத்தில் திருமதி மாரோனர் செய்வதை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். முனைவர் பட்டம் பெற்று, திருமணத்துக்கு முன் கல்லூரியில் பாடம் நடத்திய அந்தப் பெண்மணி, நம் ஊரில் எந்த எஜமானியும் செய்வதைத்தான் முதலில் செய்கிறார். பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே போ என்கிறார். வயிற்றில் பிள்ளையோடு, போக்கிடம் இல்லாதவளை. அதன்பின் தன் அறையில் தனித்திருக்கும்போதுதான் அவருக்குப் பழைய படிப்பு கைகொடுக்கிறது. கணவன் வேறொருத்தியை மனதார விரும்பித் தன்னைப் பிரிந்திருந்தால் தன் துயரம் வேறாக இருந்திருக்கும் என்று அவர் யோசிக்கிறார். கையெழுத்துப் போடாத கடிதமும் ஐம்பது டாலரும் காதலின் அடையாளங்கள் அல்ல என்பது அவருக்குப் புரிகிறது. அந்த வீட்டில் யாருக்கு அதிகாரம் இருந்தது, யார் சொன்னதை யார் தட்ட முடியாது என்று அடுத்து எண்ணிப் பார்க்கிறார். கெர்ட்டாவின் பணிவை இதே எஜமானிதான் இத்தனை நாளும் மெச்சியவர். அந்தப் பணிவே அவள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வழியில்லாமல் செய்தது. துரோகம் தனக்கு மட்டும் நடந்ததல்ல என்று அவர் காண்பது அதற்குப் பிறகே.

கில்மனின் பிரச்சாரத் தொனியைக் குறை சொல்பவர்கள் இந்தப் பகுதியைத்தான் காட்டுவார்கள். கதைக்குள் ஒரு கட்டுரை புகுந்துவிட்டது என்பார்கள். தொனி அப்படித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் தோழமை என்பது இரக்கத்திலிருந்து ஊறி வருவதாகக் காட்டாமல், தான் செய்த கொடுமையைத் தானே கணக்குப் பார்ப்பதிலிருந்து அது பிறப்பதாகக் காட்டுவதற்கு, அந்தக் கணக்கை வாசகர் கண்முன் போட்டுக் காட்டுவதைத் தவிர வேறு வழி அவருக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கண்ணீர் விட்டுக் கட்டிப்பிடித்துக்கொள்ளும் காட்சியோடு நின்றிருந்தால் இதை நான் பாடமாகச் சிபாரிசு செய்திருக்க மாட்டேன்.

பிறகு நடப்பது விரைவாக நடக்கிறது. மனைவி வீட்டைக் காலி செய்கிறார். கணவன் பெயரை விட்டுத் தன் பழைய பெயருக்கே திரும்புகிறார். மறுபடி ஆசிரியர் வேலைக்குப் போகிறார். கெர்ட்டாவையும் தன்னோடு வைத்துக்கொள்கிறார். தேடிப் பிடித்து வந்து நிற்கும் கணவன் முன்னால் இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும் இருக்கிறார்கள். எங்களுக்குச் சொல்ல உங்களிடம் என்ன இருக்கிறது என்று மனைவியாக இருந்தவர் அமைதியாகக் கேட்பதோடு கதை முடிகிறது. அவன் பதில் நமக்குத் தரப்படவில்லை.

அந்த 'எங்களுக்கு' என்ற சொல்லை எஜமானிதான் சொல்கிறார் என்பதை வகுப்பில் மறைக்கக் கூடாது. கெர்ட்டா கதை முழுவதிலும் அதிகம் பேசுவதில்லை. போகிறாயா, இருக்கிறாயா என்று அவளிடம் யாரும் விரிவாகக் கேட்பதும் இல்லை. படித்தவள் முடிவெடுக்க, வேலைக்காரி பின்தொடரும் தோழமை எந்த அளவுக்குத் தோழமை என்பது நல்ல தேர்வுக் கேள்வி. கில்மனின் இனவாதத்தையும் இதோடு சேர்த்தே சொல்லித்தர வேண்டும். 1908இல் ஒரு சமூகவியல் ஆய்விதழில், தம் பார்வையில் பின்தங்கிய கறுப்பின மக்களைக் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தலாம் என்று திட்டம் போட்டு எழுதியவர் அவர். அவர் எழுதிய பெண் தோழமைக்குள் யாருக்கு இடம் இருந்தது, யாருக்கு இருந்திருக்காது என்பதை மாணவர்கள் விவாதிக்கட்டும்.

அவர் வாழ்க்கையிலிருந்தும் ஒரு செய்தி சொல்லத் தோன்றுகிறது. 1894இல் அவருக்கு விவாகரத்து ஆனது. அதே ஆண்டில் அவருடைய முன்னாள் கணவர் மணந்துகொண்டது கில்மனின் நெருங்கிய தோழியான கிரேஸ் எலரி சானிங்கை. கில்மன் தோழியைப் பகைக்கவில்லை. தம் மகளையே அந்த வீட்டுக்கு வளர அனுப்பினார். தாயா இவள் என்று ஊர் ஏசியது. அந்த நட்பு கடைசிவரை நீடித்தது.

கிளாஸ்பெல்லின் கதையைக் கூடவே கேட்பதன் காரணம், துரோகத்தின் இன்னொரு முகம் அதில் இருப்பதுதான். 1900 டிசம்பரில் அயோவா மாநிலத்தில் ஜான் ஹோசாக் என்ற விவசாயி தூக்கத்தில் கோடரியால் கொல்லப்பட்டார். மனைவி மார்கரெட் கைதானார். அந்த வழக்கை டெ மாய்ன் நகரப் பத்திரிகை ஒன்றின் நிருபராக இருந்து எழுதியவர் கிளாஸ்பெல். 1901இல் ஆண்கள் மட்டுமே அமர்ந்திருந்த ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் குடிமக்கள் குழு, மார்கரெட்டைக் குற்றவாளி என்றது. மாநில உச்ச நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 1903இல் இரண்டாவது ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அந்த வழக்கிலிருந்து பிறந்த கதையில், கணவனைக் கொன்றதாக ஒரு பெண் சிறையில் இருக்க, கொலைக்கான காரணத்தைத் தேடி அவள் வீட்டில் ஆண்கள் மாடியிலும் தொழுவத்திலும் அலைகிறார்கள். சமையலறையில் இருக்கும் இரண்டு பெண்கள் தாறுமாறாகப் போட்ட தையலையும் கழுத்து நெரிபட்ட பறவையையும் கண்டு காரணத்தை அறிந்துகொண்டு, பறவையை மறைத்துவிடுகிறார்கள். அந்த இருவரில் திருமதி ஹேலுக்கு ஓர் உறுத்தல்: பக்கத்துப் பண்ணையிலேயே இருந்தும் இத்தனை வருடமாக அந்தப் பெண்ணை எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டோமே, அதுதான் குற்றம், அதற்கு யார் தண்டனை கொடுப்பது என்று அவர் கேட்கிறார். மாரோனர் வீட்டில் நடந்த அதே கணக்குப் பார்த்தல்தான் இது. கைவிட்டவளின் கைதான் பிறகு நீள்கிறது.

செலவு பற்றியும் யோசிக்க வேண்டியதில்லை. இரண்டு கதைகளுக்கும் அமெரிக்காவில் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது; மாணவர்கள் இணையத்திலிருந்தே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நேரம் போதாது என்றால், நாவல் ஒன்றின் சுருக்கத்தை மட்டும் கைடிலிருந்து ஒப்பிக்கும் பகுதியை எடுத்துவிட்டு அந்த மணிநேரங்களை இவற்றுக்குக் கொடுக்கலாம்.

வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'பெண்களின் ஒற்றுமையை விளக்குக' என்று கேட்டால், ஒற்றுமையே பலம் என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். திருமதி மாரோனர் முதலில் கெர்ட்டாவை ஏன் வெளியேறச் சொன்னார் என்று கேளுங்கள். அடுத்த பாடத்திட்டத் திருத்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்தக் கோரிக்கையையும் சேர்த்து, ஏற்பதானாலும் மறுப்பதானாலும் காரணத்தோடு ஆசிரியர்களுக்கு எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இந்தத் தாளை நடத்தும் ஆசிரியர்களுள் ஒருவர்