கண்ணாடியைத் தாங்குவது எது என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

துணி அலமாரிக் கதவில் ஆளுயரக் கண்ணாடி பதித்தால் சின்ன அறையும் பெரிதாகத் தெரியும் என்று உங்கள் வீட்டு அலங்காரப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். உண்மைதான். ஆனால் பின்னால் டபுள் சைடு டேப் ஒட்டி அழுத்தினால் போதும் என்ற வரியைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. நான் வெகுகாலமாகத் தச்சு வேலை செய்கிறவன். கண்ணாடி கழன்று விழுந்த பிறகு கதவைச் சரிசெய்யச் சொல்லி என்னைக் கூப்பிடுவார்கள். அப்படிப் போன ஒரு வீட்டில், கீழ்த்தட்டில் இருந்த குழந்தைத் துணிகளை அந்தம்மா ஒவ்வொன்றாக உதறிச் சில் பொறுக்கிக்கொண்டிருந்தார். டேப் கதவிலேயே அப்படியே இருந்தது. அதன்மேல் கண்ணாடியின் பின்பக்கப் பெயின்ட் பட்டை பட்டையாக ஒட்டியிருந்தது.

வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். நாம் எதைக் கொண்டு ஒட்டினாலும் அது கண்ணாடியைப் பிடிப்பதில்லை, ரசத்தின் மேல் பூசிய பெயின்டைத்தான் பிடிக்கிறது. அந்தப் பூச்சு உரிந்தால் எவ்வளவு நல்ல பசையும் பயன்படாது. 5 அடி உயரம், ஒன்றரை அடி அகலம், 4 மி.மீ. கனத்தில் ஒரு கண்ணாடி ஏறக்குறைய 7 கிலோ இருக்கும். 6 மி.மீ. என்றால் பத்து கிலோவைத் தாண்டும். சுவரில் மாட்டியது சும்மா இருக்கும். கதவில் இருப்பதோ ஒவ்வொரு முறை திறந்து சாத்தும்போதும் குலுங்கும்.

அதனால் கண்ணாடியின் அடிவிளிம்பு எதன் மீதாவது உட்கார வேண்டும். கதவின் அகலத்துக்கு ஒரு அலுமினிய சானலை, அதாவது நடுவில் பள்ளம் உள்ள பட்டையைத் திருகி, அந்தப் பள்ளத்தில் ரப்பர் துண்டு வைத்துக் கண்ணாடியை நிறுத்துங்கள். மேலேயும் பக்கத்திலும் கிளிப் போட்டால் முன்னால் சாயாது. கிளிப்பை இறுக்கி முடுக்கக் கூடாது. உலோகம் நேராகக் கண்ணாடியில் பட்டு அழுத்தினால் அந்த இடத்திலிருந்தே விரிசல் ஓடும். ஒட்டுவது இதற்கெல்லாம் கூடுதல் துணை, அவ்வளவுதான். அதற்கும் புளித்த காடி வாசனை அடிக்கிற சிலிக்கான் பசை வேண்டாம், அது ரசத்தை அரித்துக் கறுக்க வைக்கும். கண்ணாடிக்கு ஏற்ற நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்க வேண்டும். அதை மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இட்டால் உள்ளே காற்றுப் போகும், ஈரம் தங்காது.

திருகு எதில் இறங்குகிறது என்பதையும் பாருங்கள். உள்ளே கூடாக இருக்கும் கதவில் ஓரச் சட்டத்தில்தான் மரம் உண்டு. நடுவில் திருகினால் மெல்லிய பலகையைத் துளைத்துவிட்டு வெற்றிடத்தில் நிற்கும். விரலால் தட்டினாலே சத்தத்தில் தெரிந்துவிடும். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டில் ஒரு முறை கழற்றி மாட்டிய ஓட்டையில் மறுபடி திருகினால் பிடிப்பு இருக்காது. கதவின் கனத்தை அளக்காமல் நீளத் திருகு போட்டால் மறுபக்கம் முனை நீட்டிக்கொண்டு நிற்கும், துணி எடுக்கிற கையைக் கிழிக்கும்.

அப்புறம் கீல். இரண்டே கீலில் தொங்கும் கதவில் இவ்வளவு எடை ஏற்றினால் மேல்கீல்தான் முதலில் பிடுங்கிக்கொண்டு வரும். கதவு சற்றுத் தொங்கி, அடியில் உரச ஆரம்பித்தால் அதுவே எச்சரிக்கை. கண்ணாடிக்கு முன்பே கீலைக் கூட்டிவிடுவது நல்லது. தள்ளு கதவாக இருந்தால், அதன் சக்கரம் எத்தனை கிலோ தாங்கும், ஒரு கதவு மற்றதைத் தாண்டும்போது கண்ணாடி இடிக்காமல் போக இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் வேலையைத் தொட வேண்டும்.

பலரும் யோசிக்காத ஒன்று, அலமாரியே கவிழ்வது. தனியாக நிற்கிற அலமாரியின் கதவை அகலத் திறக்கும்போது கண்ணாடியின் எடை முழுவதும் முன்னால் வந்துவிடுகிறது. உள்ளே துணி குறைவாக இருந்து, கதவைப் பிடித்துக் குழந்தையும் தொங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அலமாரியின் மேல்பகுதியைச் சுவரோடு சேர்த்துக் கட்டாயம் பிணைக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டியதாகக் கேட்டு வாங்கினால், உடைந்தாலும் சில்லுகள் பெரும்பாலும் அதிலேயே தங்கும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதைச் செலவு என்று பார்க்காதீர்கள்.

டேப் பற்றிய அந்த வரிக்கு உங்கள் பக்கத்திலேயே ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இனி இப்படி ஒரு அறையின் படத்தைப் போடும்போது, கண்ணாடி எதன் மேல் நிற்கிறது, கதவு எந்தப் பலகை, கீல் எத்தனை என்று அதன் அடியில் இரண்டு வரி சேர்த்தால் போதும். படத்தைக் காட்டி அதேபோல் செய்யச் சொல்கிறவர்களிடம் எங்களாலும் விளக்கிச் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
தச்சு வேலை செய்யும் உங்கள் வாசகன்