இன்னேட் என்ற அந்தச் சொல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதையே ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். 'மேடையில் பேசுவது உனக்கு இன்னேட் (innate) கிடையாது', அதாவது பிறவியிலேயே வந்ததில்லை என்று உன் மேலதிகாரி சொன்னாராம். அதை நீயும் நம்பிவிட்டாய் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. முப்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தச் சொல்லைப் பற்றி உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அது லத்தீனிலிருந்து 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல். 'நாட்டுஸ்' என்றால் பிறந்தது. நேச்சர், நேட்டிவ், நேஷன் எல்லாம் அதே வேரில் கிளைத்தவைதான். முன்னால் நிற்கும் 'இன்' பிள்ளைகளைக் குழப்பிவிடும். இன்விசிபிள் என்பதில் வருகிற 'இல்லாத' என்ற பொருள் இங்கே கிடையாது. இங்கே அதற்கு 'உள்ளே' என்று பொருள். உள்ளேயே பிறந்தது, கூடவே பிறந்தது. நாம் பிறவிக்குணம் என்கிறோமே, அதுதான்.

மனிதனுக்கு அப்படிக் கூடவே பிறந்த எண்ணங்கள் உண்டா என்று ஐரோப்பாவில் பெரிய வாதமே நடந்தது. உண்டு என்றார் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டேகார்ட். இல்லை, மனம் எழுதாத வெள்ளைத்தாள் போன்றது என்றார் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக். இரண்டு பேருமே 17ஆம் நூற்றாண்டுக்காரர்கள்.

நான் கண்ணால் பார்த்த இன்னேட் ஒன்று உண்டு. நீ பிறந்த மறுநாள் உன் உள்ளங்கையில் என் சுண்டுவிரலை வைத்தேன். இறுக்கிப் பிடித்துக்கொண்டாய். யாரும் உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறந்த குழந்தைகள் எல்லாமே அப்படிப் பிடிக்கும், ஆறு மாதத்துக்குள் அது தானாக மறைந்துவிடும் என்று டாக்டர் சொன்னார்.

பேச்சு அப்படிப்பட்டதா? சித்திரம் கைப்பழக்கம், செந்தமிழ் நாப்பழக்கம் என்று ஔவையார் பாடினாரே! பிறவிக்குணம் என்று அந்தப் பாட்டு சொல்வது நட்பையும் தயையையும் கொடையையும்தான். மூன்றாம் வகுப்பில் பக்கத்துப் பிள்ளை அழுகிறாள் என்று உன் புதுப் பென்சில் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்தவள் நீ. அது உனக்கு யார் சொல்லித் தந்தது?

ஆறாம் வகுப்புப் பேச்சுப் போட்டிக்கு இரண்டு வாரம் மொட்டைமாடியில் நின்று என்னிடம் சொல்லிப் பார்த்தாய். முதல் நாள் நாலு வரிக்கு மேல் வரவில்லை. போட்டியன்று ஒரு வரி விடாமல் சொன்னாய்.

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் பேசவேண்டியதை எழுதி வை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடு. மாடியில் உட்கார்ந்து கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா