சுவருக்கு 2,000 டாலர், உயிருக்கு 50

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தீயணைப்பு வீரர்களே நூல்களைத் தேடி எரிக்கும் ஓர் எதிர்கால உலகத்தைக் காட்டும் ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலைக் கல்லூரியில் பல துறைகளோடு இணைத்து நடத்துவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒட்டி இதை எழுதுகிறேன். கட்டுரையில் ஓர் அட்டவணை இருந்தது. சமூகவியலுக்கு ‘தனிமை’, அரசியலுக்கு ‘தணிக்கை’, அறிவியலுக்கு ‘தொழில்நுட்பத்தின் ஆபத்து’. இந்த அட்டவணையைக் கையில் கொடுத்தால் நாவலைத் திறக்காமலே பத்துப் பக்கம் எழுதிவிடலாம். மாணவர்கள் அதைத்தான் செய்வார்கள். நாவலிலிருந்து ஒரு வாக்கியத்தையோ ஓர் எண்ணையோ பிடுங்கி எடுத்து, அந்தந்தத் துறையின் உரைகல்லில் உரசிப் பார்த்தால்தான் அது இணைப்பு. உரசிய பிறகு ‘இந்த இடத்தில் நாவலாசிரியர் தவறு’ என்று சொல்லவும் துறைக்காரருக்கு இடம் கொடுக்க வேண்டும்.

தலைப்பிலேயே தொடங்கலாம். 451 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் 232.8 டிகிரி செல்சியஸ். புத்தகத் தாள் பற்றிக்கொள்ளும் வெப்பநிலை என்று தீயணைப்புத் துறையைத் தொலைபேசியில் கேட்டு வாங்கிய எண் இது என்று பிராட்பரியே சொல்லியிருக்கிறார். வேதியியல் வகுப்பில் இதை மாறிலி போலக் கரும்பலகையில் எழுதிப்போடுவதுதான் முதல் பிழை. நெருப்புக் காட்டாமல் வெறும் சூட்டிலேயே தாள் பற்றிக்கொள்ளும் வெப்பநிலைக்கு ஒற்றை எண் கிடையாது. தாளின் தடிமன், ஈரப்பதம், காற்றோட்டம், சூடேறிய நேரம் எல்லாவற்றையும் பொறுத்து அது நகரும். மூடிய புத்தகம் இன்னும் முரண்டு பிடிக்கும். ஓரம் கருகும், இதழ்களுக்கு நடுவே காற்று புகாததால் உள்பக்கங்கள் பலவேளை தப்பிவிடும். நாவலில் வரும் ‘தீயணைப்பு’ வீரர்களோ மண்ணெண்ணெய் பீய்ச்சி எரிக்கிறார்கள். அந்தச் சுவாலையின் சூடு 451-ஐ எங்கோ தாண்டிவிடும். ஆக, தலைப்பில் இருக்கும் வெப்பநிலைக்குக் கதைக்குள் வேலையே இல்லை. இதை ஒரு மாணவர் தானாகக் கண்டுபிடித்துச் சொன்னால் முழு மதிப்பெண் போடலாம்.

ஆய்வகத்தில் புத்தகம் எரிக்க வேண்டாம். கடினக் கண்ணாடிச் சோதனைக்குழாயில் மூன்றில் ஒரு பங்குக்கு வடிதாள் துண்டுகளைத் தளர்வாகப் போட்டு, கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில், வாய்ப்பக்கம் சற்றே கீழே சரியும்படி தாங்கியில் பிடிக்கவும். வாயை அடைக்கக் கூடாது. அடிப்பக்கத்தைச் சூடாக்கினால் முதலில் நீர்த்துளி அரும்பும். அடுத்துப் பழுப்புத் திரவம்; நீல லிட்மஸைச் சிவப்பாக்கும். பிறகு திரண்ட வெண்புகை. குழாயின் வாயில் எரியும் குச்சியைக் காட்டினால் புகை பற்றிக்கொள்ளும். உள்ளே தாள் கருகிக் கரியாகிக் கிடக்கும், சுவாலை மட்டும் வெளியே நிற்கும். தாள் சிதைந்து வரும் வாயுதான் எரிகிறது என்பதைப் பாடநூலைவிட இது தெளிவாகக் காட்டும். குழாயை வாய் மேலே இருக்கும்படி பிடித்தால், குளிர்ந்த நீர்த்துளி சூடான அடிப்பக்கத்துக்கு வழிந்து கண்ணாடி விரியும். பலரும் செய்யும் தவறு இதுதான். பாதுகாப்புக் கண்ணாடியும் திறந்த சன்னலும் கட்டாயம்.

பொருளாதாரத்துக்கு நாவல் தானாகவே விலைப்பட்டியல் கொடுக்கிறது. நாயகன் மோன்டாக்கின் மனைவி மில்ட்ரெட் நான்காவது தொலைக்காட்சிச் சுவர் (சுவர் முழுக்கத் திரை) கேட்கிறாள். விலை 2,000 டாலர். என் ஆண்டுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு என்கிறான் அவன். அப்படியானால் ஆண்டுக்கு 6,000. அதற்குக் கொஞ்சம் முன்னால், தூக்க மாத்திரைப் புட்டியைக் காலி செய்துவிட்டுக் கிடந்தவளைப் பிழைக்க வைத்துவிட்டுப் போனவர்கள் வாங்கியது 50 டாலர். வந்தவர்கள் மருத்துவர்களும் அல்ல, இயந்திரம் ஓட்டுகிறவர்கள். ஓர் உயிரை மீட்கும் கூலி, ஒரு சுவரின் விலையில் நாற்பதில் ஒரு பங்கு. மோன்டாக்கின் சம்பளக் கணக்கில் மூன்று நாள் வருமானம். இங்கே மாணவர்கள் சறுக்கும் இடம் தெரிந்ததுதான். உடனே 50 டாலரை இன்றைய ரூபாய்க்கு மாற்றி ‘நாலாயிரத்துச் சொச்சம்’ என்று எழுதுவார்கள். 1953-இல் வந்த நாவலின் கற்பனை எதிர்கால டாலருக்கு இன்றைய செலாவணி விகிதத்தைப் போடுவதில் பொருளே இல்லை. நாவலுக்குள் இருக்கும் விலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் போதும். அந்தச் சமூகம் எதை அரிதாக நினைக்கிறது, எதை மலிவாக நினைக்கிறது என்பது அந்த விகிதத்தில் இருக்கிறது.

அதே காட்சியிலேயே புள்ளியியலுக்கும் ஒரு வரி உண்டு. இரவுக்கு ஒன்பது, பத்துப் பேர் இப்படி வருகிறார்கள் என்கிறார் இயந்திரக்காரர். ‘தற்கொலை விகிதம் மிக அதிகம்’ என்று எழுதிய விடைக்குப் பூச்சியம் போடுங்கள். நகரத்தின் மக்கள்தொகை நாவலில் இல்லை. அந்தக் குழு எத்தனை வட்டாரங்களுக்குப் போகிறது என்பதும் இல்லை. பின்னத்தின் தொகுதி மட்டும் இருக்கிறது, பகுதி இல்லை. பகுதி இல்லாமல் விகிதம் சொல்ல முடியாது என்பதைப் புரியவைக்க இதைவிட நல்ல வரி கிடைப்பது அரிது.

போக்குவரத்துப் பொறியியலில் நாவலாசிரியரை எதிர்த்து வாதாடலாம். ஒரு காலத்தில் 20 அடி நீளமாக இருந்த விளம்பரப் பலகைகள் இப்போது 200 அடி. கார்கள் பறப்பதால் நீட்டிவிட்டார்கள் என்கிறாள் மோன்டாக்கின் அண்டை வீட்டுப் பெண் கிளாரிஸ். மணிக்கு 100 மைல் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு ஏறத்தாழ 147 அடி. 200 அடிப் பலகையைக் கடக்க 1.4 நொடிகூட ஆகாது. 20 அடிப் பலகையில் அதே நேரம் கிடைக்க வண்டி மணிக்கு 10 மைலில் ஊர்ந்திருக்க வேண்டும். மாட்டுவண்டிக் காலத்துக்கே போய்விடுகிறோம்! கணக்கு சரி, அடிப்படை சரியில்லை. ஓட்டுநர் பலகையை அதன் பக்கத்தில் வந்த பிறகா படிக்கிறார்? தொலைவிலிருந்தே படிக்கிறார். அமெரிக்கச் சாலைப் பலகைகளுக்கு ஓர் அங்குல எழுத்துயரத்துக்கு 30 அடித் தொலைவு என்று கணக்கிடும் வழக்கம் உண்டு. 100 மைல் வேகத்தில் மூன்று நொடி வேண்டுமானால் 440 அடிக்கு முன்பே எழுத்து தெரிய வேண்டும். எழுத்து ஏறத்தாழ 15 அங்குலம். மணிக்கு 40 மைல் போதும் என்றால் (அந்த வேகத்தில் போனதற்காகக் கிளாரிஸின் மாமா இரண்டு நாள் சிறையில் இருந்தார்) 6 அங்குலமே போதும். பொறியாளர் எழுத்தைப் பெரிதாக்கியிருப்பார். பிராட்பரி பலகையை நீட்டினார். கேலிக்கு நீளம்தான் எடுபடும் என்பதையும் இலக்கிய ஆசிரியர் அதே வகுப்பில் சொல்லிவிடலாம்.

உளவியலை உங்கள் கட்டுரை தொடவே இல்லை. நாவலின் முடிவில், ஊருக்கு வெளியே ஒளிந்து வாழும் சிலர் ஆளுக்கொரு நூலை மனப்பாடமாகச் சுமந்து, பிள்ளைகளுக்கு வாய்வழியாகக் கொடுக்கத் திட்டமிடுகிறார்கள். மோன்டாக்கின் பங்கு, விவிலியத்தின் ‘பிரசங்கி’யில் ஒரு பகுதி. இது நடக்குமா? உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வு முறையை வைத்துச் சோதிக்கலாம். பத்து மாணவர்கள், 150 சொல் உரைநடை. முதல் ஆள் படித்துவிட்டு, கால்மணி நேரம் கழித்து நினைவிலிருந்து எழுத வேண்டும். அவர் எழுதியது மட்டுமே அடுத்தவருக்குப் போகும். பத்தாவது தாளை மூலத்தோடு ஒப்பிட்டால் பெயர்களும் எண்களும் உதிர்ந்திருக்கும், பழக்கமில்லாத சங்கதிகள் பழக்கமானவையாக மாறியிருக்கும். அடுத்து இதையே ஒரு வெண்பாவை வைத்துச் செய்யவும். குறள் வேண்டாம், பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், சோதனை கெட்டுவிடும். பழமொழி நானூற்றில் அதிகம் புழங்காத ஒன்றை எடுக்கலாம். ஒரு சீர் விழுந்தால் அடி குறையும், மாறினால் தளை தட்டும், எதுகை முறியும். யாப்பே பிழையைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அதே வாய்பாட்டில் வேறு சொல் வந்து உட்கார்ந்தால் யாப்புக்குத் தெரியாது. நம் பதிப்பாசிரியர்கள் மல்லுக்கட்டிய பாடபேதங்களில் (சுவடிக்குச் சுவடி மாறும் சொற்களில்) பல இந்த ஓட்டை வழியாக நுழைந்தவை.

நூலகவியல் மாணவர்களுக்கு ஒரே கேள்வி போதும்: மனனம் செய்ய ஆள் குறைவு என்றால் எந்த நூலுக்கு முதலில் ஆள் போடுவீர்கள்? நாவலில் சுமக்கப்படுபவை பெரும்பாலும் உலகெங்கும் படிகள் உள்ள அச்சு நூல்கள். 1981-இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அச்சான நூலுக்கு வேறெங்காவது படி தேடலாம். ஒற்றைச் சுவடிக்கு எங்கே போவது?

கடைசியாக ஒரு திருத்தம். ‘அரசு நூல்களைத் தடை செய்த உலகம்’ என்று கட்டுரை எழுதியது முழுச் சரியல்ல. இது அரசாங்கத்திலிருந்து தொடங்கவில்லை என்று தீயணைப்புத் தலைவர் பீட்டி நாவலிலேயே விளக்குகிறார். யார் மனமும் புண்படக்கூடாதென்று வாசகர்களும் வெளியீட்டாளர்களும் வெட்டிக்கொண்டே வந்தார்கள், சட்டம் பின்னால் வந்தது. இந்த நாவலுக்கே அது நேர்ந்தது. 1967-இல் பாலன்டைன் பதிப்பகம் பள்ளிகளுக்கென்று போட்ட பதிப்பில் 75 இடங்கள் மாற்றப்பட்டன. எந்த அரசும் ஆணையிடவில்லை, ஆசிரியருக்கும் தெரியாது. 1973 முதல் கடைகளுக்கு வந்ததும் அந்த வெட்டுப் பதிப்புதான். 1979-இல் பிராட்பரிக்குத் தெரியவந்து, பிறகே மூலம் மீண்டது. எனவே பழைய புத்தகக் கடையில் வகுப்புக்கு ஆங்கிலப் பிரதிகள் வாங்கும்போது அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். எழுபதுகளில் வந்த பிரதி என்றால், குடிகாரன் ஒருவன் வரவேண்டிய இடத்தில் நோயாளி வருகிறானா, தொப்புள் அழுக்கை எடுக்கும் இடம் காது குடைவதாக மாறியிருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். அப்படி ஒரு பிரதி சிக்கினால் விட்டுவிடாமல் வாங்கிவிடுங்கள். சரியான பதிப்பையும் அதையும் பக்கத்தில் வைத்தால் அரசியல் வகுப்புக்கு இரண்டு மணி நேரப் பாடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுரை