தீவுப் பயணமும் பூச்சிக்கடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சுற்றுலா இணைப்பில் அந்தமான் தீவுகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ராதாநகர் கடற்கரையின் அழகையும், பாராடாங்கின் அலையாத்திக் காடுகளுக்கு நடுவே செல்லும் படகுப் பயணத்தையும் அது நன்றாகவே விவரித்திருந்தது. ஆனால் தங்குமிடம், உணவு, படகுக் கட்டணம் என்று எல்லாவற்றையும் சொன்ன அக்கட்டுரை, அந்த மணலிலும் சதுப்பிலும் கடிக்கும் பூச்சிகளைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்தாளுநராகப் பணியாற்றியவன், அதில் பல ஆண்டுகளைச் சேர்வராயன் மலையில் கழித்தவன், சென்ற தை மாதம் குடும்பத்துடன் அதே தீவுகளுக்குச் சென்று வந்தவன் என்ற முறையில், அந்தக் குறையைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

சேலத்துக்காரர்களாகிய நமக்குக் கொசு புதிதன்று. அதனாலேயே தீவில் கடிப்பதும் அதுபோன்ற ஒன்றுதானே என்று அசட்டையாகப் புறப்பட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணினேன். அங்குள்ளவர்கள் மணல் ஈ என்று சொல்லும் பூச்சி கொசுவைவிட மிகச் சிறியது; கறுப்பு எள்ளில் பாதிகூட இராது. ரீங்காரம் கேட்காது, பல நேரங்களில் கடித்தது கூடத் தெரியாது. ஈரமணலிலும், கரையில் ஒதுங்கி அழுகும் கடற்பாசிக் குவியலிலும், அலையாத்திக் காட்டுச் சேற்றிலும் அது பெருகுகிறது. விடியற்காலையிலும் பொழுது சாயும் வேளையிலும்தான் அதன் தொல்லை அதிகம். நாம் மணலில் அமர்ந்து சூரியன் மறைவதைப் பார்க்க விரும்புவதும் அதே வேளையில்தான். முதல் நாள் மாலை ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தோம். மறுநாள் காலையில் என் மகளின் இரு கால்களிலும் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சிவந்த தடிப்புகள் இருந்தன. பேத்தியின் காலில் எண்ணி முடிக்க முடியவில்லை.

படகுத்துறை அருகே இட்லிக்கடை நடத்தும் தமிழ் அம்மையார் ஒருவர் குழந்தையின் காலைப் பார்த்துவிட்டு, "மண்ணுல நேரா உட்கார்ந்தீங்களா? சாயங்காலம் மட்டும் உட்காராதீங்க, உட்கார்ந்தா தேங்காய் எண்ணெயைக் கையோட காலோட நல்லாத் தடவிக்குங்க" என்றார். மூன்று தலைமுறையாக அங்கு வாழ்பவர் அவர். எண்ணெய்ப் பூச்சில் அந்தச் சின்னஞ்சிறு பூச்சிகள் ஒட்டிக்கொள்கின்றன என்பதே அதன் சூட்சுமம். ஆனால் வியர்த்தாலோ தண்ணீரில் இறங்கினாலோ பயன் போய்விடும் என்பதையும், கொசுவுக்கு அதை நம்பி இருந்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தரையிலிருந்து சற்று உயர்ந்த நாற்காலியில் அமர்வதும், காற்று வீசும் இடமாகப் பார்த்து அமர்வதும் எண்ணெயைவிட எங்களுக்குப் பயன்பட்டன. இவை வலுவாகப் பறக்க இயலாத பூச்சிகள். அறையில்கூட மின்விசிறிக் காற்று படும்படி படுத்தால் கடி குறைகிறது. சாதாரணக் கொசுவலையின் கண்களுக்குள் மணல் ஈ நுழைந்துவிடும் என்பதால், வலை இருக்கிறது என்று விசிறியை நிறுத்திவிட வேண்டாம்.

தடவிக்கொள்ளும் பூச்சிவிரட்டிகளை ஊரிலிருந்தே வாங்கிச் செல்வது நல்லது. டீட் என்னும் மருந்து 20 முதல் 30 விழுக்காடு வரை கலந்தவையும், பிக்காரிடின் 20 விழுக்காடு கலந்தவையும் பல மணி நேரம் பயன் தரும். நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஓடோமாஸ் போன்ற களிம்புகளை அடிக்கடி மீண்டும் தடவ வேண்டியிருக்கும். வெயில் காப்புக் களிம்பும் பூசுவதாக இருந்தால் முதலில் அதைப் பூசி, அது காய்ந்த பிறகே பூச்சிவிரட்டியைத் தடவ வேண்டும். பெரும்பாலோர் இதை மாற்றிச் செய்கிறார்கள். குழந்தையின் கையில் குப்பியைக் கொடுக்காமல், பெரியவர் தம் உள்ளங்கையில் எடுத்துக் குழந்தைக்குத் தடவ வேண்டும். குழந்தை விரலை வாயில் வைக்கும் என்பதால் அதன் கைகளில் தடவக் கூடாது. இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு எந்த விரட்டியும் வேண்டாம், வலை ஒன்றே போதும். டீட் கலந்த மருந்து கண்ணாடிச் சட்டம், கைக்கடிகாரப் பட்டை போன்ற பிளாஸ்டிக் பொருள்களைக் கரைத்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பூண்டு தின்றால் கொசு அண்டாது, வைட்டமின் மாத்திரை விழுங்கினால் கடிக்காது என்று சொல்வதற்கெல்லாம் ஆதாரம் இல்லை.

கடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் நாம் மிகுதியும் தவறுகிறோம். பூச்சி இரத்தம் உறிஞ்சும்போது அது உறையாமலிருக்கத் தன் உமிழ்நீரைச் செலுத்துகிறது. அந்த உமிழ்நீரை நம் உடல் எதிர்ப்பதனால் உண்டாவதே தடிப்பும் நமைச்சலும். அங்கேயே வாழ்பவர்களுக்கு அது பழகிவிடுகிறது. புதிதாகச் செல்லும் நமக்கோ ஒரு வாரத்துக்கு மேலும் அரிக்கிறது. சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைத்து, கேலமைன் லோஷன் தடவினாலே பெரும்பாலும் அடங்கும். இரவில் தூங்க முடியாத அளவு அரித்தால் பெரியவர்கள் செட்ரிசின் 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்று எடுத்துக்கொள்ளலாம்; தூக்கம் வரும் என்பதால் வண்டி ஓட்டக் கூடாது. குழந்தைக்கு எடையைப் பொறுத்து அளவு மாறும் என்பதால் மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, புறப்படுவதற்கு முந்தைய நாளே குழந்தைகளின் நகங்களை ஒட்ட வெட்டிவிடுவது. சொறிந்த இடத்தில் நகத்தின் வழியே கிருமி புகுந்து சீழ் கட்டுவதே பூச்சிக்கடியால் வரும் தொல்லைகளுள் நான் மிக அதிகமாகப் பார்த்தது.

என் பேத்திக்கும் அதுவே நேர்ந்தது. அதற்குள் என் மருமகன் பதற்றத்தில் ஒரு மருந்துக் கடையில் காலைக் காட்டி ஒரு களிம்பை வாங்கி வந்து தடவியிருந்தார். வாங்கிப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீரியம் மிகுந்த ஸ்டீராய்டு, பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து என மூன்றையும் ஒன்றாகக் கலந்த அந்தக் களிம்பு, மருத்துவரின் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத வகையைச் சேர்ந்தது. தடவிய சில மணி நேரத்தில் சிவப்பும் அரிப்பும் அடங்கிவிடுவதால் மக்கள் அதை நல்ல மருந்து என்று நம்புகிறார்கள். தோலின் எதிர்ப்பாற்றலை அது தணித்துவிடுவதால் உள்ளே கிருமி தடையின்றிப் பெருகுகிறது. நாள்பட்டால் தோலும் மெலிந்துவிடுகிறது. நாங்கள் உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்டினோம், புண் ஆறப் பத்து நாள் ஆயிற்று. இந்த வகைக் களிம்புகளை நம் ஊர்க் கடைகளிலும் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பதை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருந்துகிறேன். மலையில் நான் பணியாற்றிய நாள்களில் காப்பித் தோட்டத் தொழிலாளர்கள் கடிவாயில் சுண்ணாம்பும் புகையிலையும் அப்பிக்கொண்டு வருவார்கள். சுண்ணாம்பு தோலைப் பொசுக்கிவிடும் என்று அவர்களிடம் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். வண்ணக் குழாயில் அடைத்து விற்பதை வேண்டாம் என்று படித்தவர்களிடம் சொல்லிப் புரியவைப்பது கடினமாக இருக்கிறது.

கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு பரவிக்கொண்டே போனாலோ, தொட்டால் சுட்டாலோ, சீழ் வைத்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குளவியோ தேனீயோ கொட்டியபின் உதடும் நாக்கும் வீங்கினால், மூச்சு இரைத்தால், மயக்கம் வந்தால், அது நிமிடக் கணக்கில் உயிருக்கு ஆபத்தாகும் நிலை. களிம்பு தேடிக் கடைக்கு ஓடாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

இனி நான் சொல்ல விரும்புவது ஊர் திரும்பியபின் வரும் காய்ச்சலைப் பற்றி. எங்கள் தெருவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அந்தமானிலிருந்து திரும்பிய ஒன்பதாம் நாள் கடும் காய்ச்சலில் விழுந்தார். இரண்டு இடங்களில் ஊசி போட்டும் குறையவில்லை. தாம் எங்கே போய் வந்தோம் என்பதை அவர் எங்கும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மூன்றாவதாகப் பார்த்த இளம் மருத்துவர் ஒருவர்தான் சட்டையைக் கழற்றச் சொல்லி உடம்பு முழுவதும் தேடி, இடுப்பில் வேட்டி கட்டும் இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற ஒரு கறுப்புப் பொருக்கைக் கண்டுபிடித்தார். ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல் அது. புதர்களிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதனால் வருவது; அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு போன்ற மறைவிடங்களில்தான் பெரும்பாலும் கடிக்கும், அந்தப் பொருக்கு வலிப்பதுமில்லை, அரிப்பதுமில்லை. டாக்சிசைக்ளின் என்னும் விலை மலிந்த மாத்திரையில் ஓரிரு நாளிலேயே அவருக்குக் காய்ச்சல் இறங்கியது. காலம் தாழ்த்தினால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடிய நோய் இது. அந்தமானில் மட்டுமன்றித் தமிழ்நாட்டிலும் இருக்கிறது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. கடித்த 4 முதல் 10 நாள்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் இரவில் கடிப்பது; காய்ச்சல் வர ஒரு வாரமாவது ஆகும், ஒரு வகை மலேரியா சில மாதங்கள் கழித்தும் வரும். ஆகவே திரும்பி வந்த அன்று நலமாக இருந்தோம் என்பதை வைத்து நிம்மதியடைந்துவிட முடியாது. காய்ச்சல் கண்டால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரைகளைத் தாமாகப் போடக் கூடாது. டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின், டைக்ளோபினாக், ஐபுபுரூபன் ஆகியவை இரத்தக்கசிவை மிகுதியாக்கும். மருத்துவர் கேட்காவிட்டாலும், எந்தத் தீவுக்கு, எந்தத் தேதியில் போய் வந்தோம், காட்டுப்பாதையில் நடந்தோமா என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும்.

சேலத்தில் அந்தமான், மாலத்தீவு, இலங்கை என்று குழுப் பயணங்களை ஏற்பாடு செய்யும் டிராவல்ஸ் நிறுவனங்கள் பல இருக்கின்றன. பயண நிரலை அச்சிட்டுக் கொடுக்கும் தாளின் பின்பக்கம் வெறுமையாகவே இருக்கிறது. அதில் இந்தச் செய்திகளைச் சுருக்கமாகத் தமிழில் அச்சிட்டுத் தர அவர்களுக்குக் கூடுதல் செலவு ஒன்றும் ஆகாது. நம் மருத்துவமனைகளின் புறநோயாளிச் சீட்டில் 'கடந்த ஒரு மாதத்தில் வெளியூர்ப் பயணம் உண்டா' என்ற ஒரு கேள்வியைச் சேர்த்தால், எங்கள் தெரு இளைஞரைப் போன்றவர்கள் மூன்றாவது மருத்துவர் வரை அலைய வேண்டியிராது. தாங்களும் சுற்றுலாக் கட்டுரை வெளியிடும்போதெல்லாம் அருகில் ஒரு சிறு கட்டம் கட்டி இவற்றைத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அரையாண்டு விடுமுறைக்கான முன்பதிவு இப்போதே தொடங்கிவிட்டபடியால், அடுத்த இணைப்பிலேயே அது வந்தால் புறப்படுவதற்கு முன் பலர் படித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
அஸ்தம்பட்டி, சேலம்.