அண்ணாச்சி, அந்த 1433-ஐ முதலில் சாத்துங்கள்

நெல்லை, பாளை, தென்காசி, அம்பை வட்டாரங்களில் சூப்பர் மார்க்கெட், ஜவுளிக்கடை, நகைக்கடை, மருத்துவமனை நடத்தும் அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

உங்கள் பில்லிங் கவுண்டர்களுக்குப் பின்னால், பெரும்பாலும் மாடிப்படிக்குக் கீழேயோ மேசைக்கு அடியிலோ, யு.பி.எஸ்ஸை ஒட்டிக்கொண்டு ஒரு சர்வர் ஓடுகிறது. அதிலிருக்கும் டேட்டாபேஸை, அதாவது உங்கள் பில், ஸ்டாக் விவரமெல்லாம் சேர்ந்திருக்கும் இடத்தை, கவனித்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. இருப்பது பாளையங்கோட்டையில். கவனிக்கும் இடங்களோ சங்கரன்கோவிலில் தொடங்கி வள்ளியூர் வரை சிதறிக் கிடக்கின்றன. அதனால் முக்கால்வாசி வேலை போனில்தான் நடக்கிறது.

அதை நான் குறை சொல்ல வரவில்லை. சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு எல்லா கவுண்டரிலும் பில் நின்றுபோய், வரிசை வாசல் வரை வந்துவிட்டது என்று அழைப்பு வருகிறது. நான் பைக்கை எடுத்து அம்பாசமுத்திரம் வந்து சேர்வதற்குள் பாதிக் கூட்டம் எதிர்க்கடைக்குப் போயிருக்கும். போனில் திறந்து பார்த்தால் காரணம் அநேகமாக அற்பமானதாக இருக்கும். அக்கவுண்ட்ஸ் பிரிவில் யாரோ ஸ்டாக் திருத்தத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். அவருடைய செஷன் (டேட்டாபேஸோடு அவருக்குத் திறந்திருக்கும் தொடர்பு) பிடித்து வைத்திருக்கும் பூட்டு விடுபடும்வரை மற்ற எல்லோரும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். உங்கள் டேட்டாபேஸை நடத்தும் எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற மென்பொருளில் யாரை யார் மறித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று காட்ட ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது. அந்தச் செஷனை மட்டும் வெட்டிவிட்டால் வரிசை நகர்ந்துவிடும், பாதியில் நின்ற திருத்தத்தை டேட்டாபேஸே பழையபடி திருப்பிக்கொள்ளும். இதற்கெல்லாம் போன் தாராளம். (வேலை முடிந்ததும் “போன்லதான பாத்தீங்க” என்று கூலியில் கழிக்கிற வழக்கத்தை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.)

என் கவலை, அந்த போன் உங்கள் சர்வருக்குள் வரும் வழியைப் பற்றியது.

சாஃப்ட்வேர் போட வந்தவரிடம் நீங்கள் கேட்டது நியாயமான ஒன்றுதான்: “வீட்ல இருந்தே மொபைல்ல சேல்ஸ் பாக்கணும்.” அவர் சுலபமான வழியில் செய்து கொடுத்துவிட்டுப் போனார். ஸ்டேட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்கச் சொன்னார், ரவுட்டரில் 1433 என்ற போர்ட்டை, அதாவது எஸ்.க்யூ.எல். சர்வருக்கான இணைய வாசலை, திறந்து நேராக சர்வருக்குத் திருப்பினார், ‘எஸ்.ஏ.’ என்கிற தலைமைக் கணக்கையே ஆப்பில் போட்டார். பாஸ்வேர்டு, கடைப் பெயரும் பக்கத்தில் 123-ம். எஸ்.ஏ. கணக்கைக் கையில் வைத்திருப்பவர் டேட்டாபேஸோடு நிற்க வேண்டியதில்லை. அதன் வழியாகவே விண்டோஸுக்குக் கட்டளை கொடுக்கலாம், எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கலாம்.

இதைச் சொன்னால் எங்கே போனாலும் ஒரே பதில்: “நம்ம கடைய எவன் தேடி வரப்போறான்?” யாரும் தேடி வர வேண்டாம் அண்ணாச்சி. பழைய வகை (ஐபிவி4) ஐபி முகவரிகள் உலகம் முழுவதற்கும் சேர்த்தே சுமார் 430 கோடிதான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2013-இல் வெளியிட்ட ஜிமேப் என்ற கருவி, நல்ல இணைப்புள்ள ஒரே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து, இணையம் முழுவதையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். உங்கள் சர்வர் நெல்லை டவுனில் இருக்கிறதா டோக்கியோவில் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. 2017 ஜனவரியில் பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து கிடந்த மாங்கோடிபி என்ற வகை டேட்டாபேஸ்கள் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டு, பணம் கேட்கும் குறிப்பு மட்டும் உள்ளே விடப்பட்டது. அந்த உரிமையாளர்களையும் யாரும் பெயர் சொல்லித் தேடி வரவில்லை. உங்கள் சர்வரின் எர்ரர் லாகை (பிழைகள் பதிவாகும் குறிப்பேடு) என்னோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். 1433 திறந்திருக்கும் இடங்களில் 18456 என்ற எண் வரிசையாக நிற்கும். எஸ்.ஏ. பெயரில் எவனோ பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுத் தோற்ற தடம் அது. ஒருமுறை ஜெயித்தால் அவனுக்குப் போதும்.

பெரிய இடத்திலேயே நடந்திருக்கிறது. 2019-இல் நம் மாவட்டத்துக் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டருக்குள் மால்வேர் (கெடுதல் செய்யும் மென்பொருள்) புகுந்தது. முதலில் மறுப்பு வந்தது, அடுத்த நாளே ஒப்புக்கொண்டார்கள். உலையை இயக்கும் அமைப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அது தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. நம் கடைகளில் சேல்ஸ் ஆப்பும் சர்வரும் அப்படியா பிரிந்திருக்கின்றன?

சரி, போர்ட்டைச் சாத்தினால் மொபைலில் சேல்ஸ் பார்ப்பது எப்படி என்பீர்கள். வி.பி.என். போட வேண்டும், அதாவது சாவி உள்ளவர் மட்டும் நுழையும் தனி இணையப் பாதை. வயர்கார்டு என்ற மென்பொருள் இலவசம். 2020 முதல் லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னலிலேயே (மையப் பகுதி) சேர்ந்து வருகிறது, விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் ஆப் இருக்கிறது. சரியான சாவி இல்லாமல் வரும் எந்தப் பாக்கெட்டுக்கும் அது பதிலே சொல்லாது, தட்டிப் பார்ப்பவனுக்கு அங்கே ஏதோ இருக்கிறது என்றே தெரியாது. ஒவ்வொரு போனுக்கும் தனிச் சாவி கொடுப்பதால், ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் உங்கள் போன் தொலைந்தாலும் அந்த ஒரு சாவியை நீக்கினால் தீர்ந்தது. டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் இதே வயர்கார்டின் மேல்தான் ஓடுகின்றன. அவற்றுக்கு ஸ்டேட்டிக் ஐபியே வேண்டாம், அதற்குக் கட்டும் காசு மிச்சம். அப்புறம், சேல்ஸ் பார்க்கும் ஆப்புக்குப் படிக்க மட்டும் உரிமையுள்ள ஒரு கணக்கு போதும். எஸ்.ஏ. அங்கே இருக்கவே கூடாது.

வழி பத்திரமான பிறகும் போனில் செய்ய மாட்டேன் என்று நான் சொல்லும் வேலைகள் உண்டு. அதில்தான் நமக்குள் மனக்கசப்பு வருகிறது. “ஒரு பொருளுக்கு ரேட் மாத்தணும், ரெண்டு நிமிசம்” என்பீர்கள். போன் திரையில் பாதியைக் கீபோர்டு எடுத்துக்கொள்ளும். எந்தப் பொருளுக்கு என்று சொல்லும் ‘வேர்’ (WHERE) வரி அதற்கு அடியில் மறைந்து கிடக்கும். கட்டளையின் முதல் வரி மட்டும் தேர்வாகி ஓடிவிட்டால், உளுந்துக்கும் உப்புக்கும் ஷாம்புக்கும் ஒரே விலை. இது எவ்வளவு சகஜம் என்றால், ‘வேர்’ இல்லாத அப்டேட்டையும் டெலீட்டையும் மறுக்க வைக்கும் வசதியை மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருள்காரர்களே வைத்து, அதற்கு ‘ஐ ஆம் எ டம்மி’ (நான் ஒரு மக்கு) என்று இன்னொரு பெயரும் கொடுத்திருக்கிறார்கள்.

முழுத் திரையில் வேலை பார்த்தவர்களுக்கே நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 ராத்திரி, மென்பொருள் எழுதுபவர்களுக்கான சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் களைத்துப்போன ஒரு பொறியாளர் அழிக்கும் கட்டளையை வேறு சர்வரில் கொடுத்துவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். அவர்களிடம் ஐந்து வகை பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன, ஒன்றும் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த நகல்தான் காப்பாற்றியது. இது பேருந்தில் மணிமுத்தாறு தாண்டி சிக்னல் போய்ப் போய் வரும்போது என் கட்டைவிரலில் நடக்க வேண்டாம் என்றுதான் “காலையில் உட்கார்ந்து செய்கிறேன்” என்கிறேன். பார்ப்பது, தடையை வெட்டுவது, டிஸ்க் நிறைந்தால் எச்சரிப்பது போனில். டேட்டாவைத் திருத்துவது, டேபிளை மாற்றுவது மேசையில், பேக்கப் எடுத்த பிறகு. இந்தப் பிரிவினையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பேக்கப் சர்வருக்குப் பக்கத்திலேயே ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் அது பேக்கப் கணக்கில் வராது. 2023 டிசம்பர் 17, 18-இல் நெல்லை சந்திப்பிலும் கொக்கிரகுளத்திலும் வெள்ளத் தண்ணீர் புகுந்தபோது மேசைக்கு அடியில் இருந்தவை என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். பல இடங்களில் சிக்னலும் இல்லை, போனில் எட்டிப் பார்க்கவும் வழியில்லை. நகல் ஒன்று ஊருக்கு வெளியே இருக்கட்டும். அதைத் திறந்து டேட்டா வருகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுவோம்.

மருத்துவமனை நடத்துபவர்களுக்குக் குறிப்பாக ஒரு வார்த்தை. சர்வருக்குள் யாராவது புகுந்தது தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவு. தனிநபர் தகவல்களைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. நோயாளியின் ரிப்போர்ட்டை மளிகை ஸ்டாக் போல வைத்திருக்க முடியாது.

கடை விடுமுறை நாளில் ஒரு மத்தியானம் கொடுங்கள், போர்ட்டைச் சாத்தி வி.பி.என். போட அது போதும். வருவதற்கு முன்னால் ரவுட்டர் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று மட்டும் விசாரித்து வையுங்கள். பல இடங்களில் அது லைன் போட வந்த பையனிடம்தான் இருக்கிறது, அவனோ வேலையை விட்டுப்போய் நாளாகிவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் சர்வரைக் கவனித்துக்கொள்ளும் பாளையங்கோட்டைக்காரன்