கணக்கியல் பயிலுநர்களுக்குத் தொழிலிடப் பயிற்சி கோரும் மனு

அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
மட்டக்களப்பு.

மதிப்புக்குரிய ஐயா/அம்மா,

படுவான்கரை, வெல்லாவெளிப் பக்கமிருந்து எழுதுகிறேன். உயர்தரத்தில் வர்த்தகம் படித்தேன், பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி காணவில்லை, சரி என்று ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் கணக்கியலுக்குச் சேர்ந்தேன். தினமும் பட்டிருப்புப் பாலம் தாண்டி களுவாஞ்சிகுடிக்கு வந்து, அங்கிருந்து மட்டக்களப்பு பஸ். அதைப் பற்றி முறைப்பாடு இல்லை, பழகிவிட்டது.

போன மாதம் கல்முனையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு நேர்முகத்துக்குப் போனேன். முதலாளி கணினியை என் பக்கம் திருப்பி, "தங்கச்சி, இந்த மாத பேங்க் ஸ்டேட்மென்டை குவிக்புக்ஸில சரி பாருங்க" என்றார். குவிக்புக்ஸ் என்பது கணக்கு வைக்கும் மென்பொருள், எனக்கு அதில் எங்கே தட்டுவது என்றே தெரியவில்லை. கடுதாசி கேட்டு வாங்கி, வங்கிக் கணக்கையும் கடையின் காசேட்டையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வங்கி இணக்கக் கூற்றைக் கையால் எழுதினேன். வங்கிக்கு இன்னும் சமர்ப்பிக்காத காசோலைகளைக் கழித்தும் 450 ரூபா இடித்தது, தேடிப் பார்த்தால் வங்கி பிடித்த கட்டணம், காசேட்டில் பதியவே இல்லை. "கணக்கு சரிதான், ஆனா எங்களுக்கு ஆள் கணினியில வேணும்" என்று அனுப்பிவிட்டார். அவரில் பிழை இல்லை.

பேரேடு, பரீட்சை மீதி எல்லாம் கொப்பியில் நன்றாகவே படிப்பிக்கிறார்கள். ஆனால் 17 பேருக்கு வேலை செய்யும் கணினி 4, அந்த அறையும் பின்னேரம் மூன்றரைக்குப் பூட்டு. சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடம் 8 வீதம், முதலாளியிடம் 12, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியிடம் 3 என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம், அதைக் கட்டும் படிவத்தை மட்டும் எங்களில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது: பாடநெறி முடிகிறவர்களைப் பிரதேச செயலகங்களின் கணக்குக் கிளைகளிலும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களிலும் ஆறு மாதமாவது பயிற்சிக்கு எடுக்கும்படி தாங்கள் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். கொடுப்பனவு இல்லாவிட்டாலும் வருவோம், பஸ் காசு கிடைத்தால் பெரிய உதவி. எங்கள் ஊர்ப் பிள்ளைகளை வெல்லாவெளியிலேயே உள்ள போரதீவுப்பற்று பிரதேச செயலகத்தில் விட்டால் அந்தக் காசும் தேவையில்லை. அப்புறம், கணினி அறையைச் சனிக்கிழமைகளில் திறந்துவிடச் சொல்லுங்கள். திறப்புக்குப் பொறுப்பாக நாங்களே இரண்டு பேர் கையொப்பமிடுகிறோம்.

எங்கள் இறுதிப் பரீட்சை அடுத்த மாதம். அதற்கு முன் ஒரு பதில் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
கணக்கியல் பயிலுநர்கள் 17 பேர் சார்பில்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)